கையெழுத்து மட்டும் அவளுது

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கிடுங்க சார், எனக்கு வேண்டாம். வெளிய பாத்தா ஏதாவது ஒரு குறை கண்ணுல பட்டுரும். பட்டா உடனே எழுதணும்னு கை அரிக்கும். இப்போ எழுதுற நிலைமைல நான் இல்ல. தென்காசிக்குத்தானே? நானும் அங்கதான். அங்க இறங்கி மினி பஸ் பிடிச்சு மச்சினன் ஊருக்குப் போகணும். என் வீட்டுக்காரி உலகம்மாள் அங்க போயி ஏழு வாரம் ஆகுது. கூட்டிட்டு வரத்தான் போறேன். வருவாளா மாட்டாளாங்கது இன்னைக்குச் சாயங்காலம் தெரிஞ்சிரும்.

என் பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டை சு. ஆவுடையப்பன். கேள்விப்பட்ட மாதிரி இருக்கா? இல்லையா? பேப்பர் படிக்கிற பழக்கம் உண்டுமா? பேப்பர்ல ஆசிரியருக்குக் கடிதம்னு ஒரு மூலைல போடுவாங்கல்லா, அதுல ரெண்டு மாசத்துக்கு ஒண்ணாவது நம்ம பேரு வந்துரும். முப்பது வருசத்துல எறநூத்துப் பன்னிரண்டு கடிதம் சார். மில்லுல டைம் ஆபீஸ் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன், ஆனா ஊருல என்னைக் கிளார்க்குன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான். கடிதக்காரர்னுதான் சொல்லுவான்.

உதாரணத்துக்கு ஒண்ணு சொல்லுதேன். எங்க தெருவுல விளக்கு எரியல. ஒருத்தனும் கண்டுக்கல. நான் எழுதுனேன். ‘எங்கள் தெருவில் விளக்கு எரிந்து நாற்பது நாளாகிறது. இருட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. எங்கள் தெரு நாய்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை. வருகிறவர் போகிறவர் யாரென்று தெரியாமல் எல்லாரையும் கடித்துவைக்கின்றன. அவற்றின் பொருட்டாவது ஆவன செய்யவும்.’ எப்படி இருக்கு? பேப்பர்ல வந்த ரெண்டாம் நாள் ஏணியோட வந்து நின்னாங்க சார். பல்பு மாட்டிட்டு, ‘நாயெல்லாம் நல்லா இருக்கா’ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

இதெல்லாம் எப்படி எழுதுவேன்னு கேக்கீங்களா? அதுக்கு ஒரு முறை இருக்கு. நான் உக்காந்து எழுதுற ஆளு கிடையாது. எனக்குக் கோவம் வந்தா நடக்கணும். அடுப்படில இருந்து வாசல் வரைக்கும் நடப்பேன், நடந்துக்கிட்டே சொல்லுவேன். உலகு சாப்பாட்டு மேஜைல பேப்பரை வச்சுக்கிட்டு எழுதுவா. நான் சொல்லுவேன், அவ எழுதுவா. என் கையெழுத்து எனக்கே புரியாது, அவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அதுக்காகத்தான். எழுதி முடிச்சதும் நீட்டுவா, நான் கீழ கையெழுத்துப் போடுவேன். வேலை முடிஞ்சுது.

அந்த நாய் வரி? என்னோடதுதான் சார், சந்தேகமே வேண்டாம். அன்னைக்கு நான் இருபது நிமிசம் சொன்னேன். ‘அந்த எருமை மாட்டுப் பய ஆபீஸ்ல என்னத்தப் புடுங்குதான், தெருவுல நடக்க முடியுதா, நாய் கடிக்க வருது’ன்னு சொன்னேன். நாய்னு சொன்னேனா இல்லையா? அதைத்தான் அவ எழுதினா. எருமை மாட்டை ‘சம்பந்தப்பட்ட அலுவலர்’னு மாத்திருவா. கொஞ்சம் சுருக்குவா, அங்கங்க ஒழுங்குபடுத்துவா. அவ்வளவுதான். துணியை நாம கொடுக்கோம், இஸ்திரிக்காரன் மடிப்பு வைக்கான். சட்டை யாருது? நம்முதுதானே?

சரி, விஷயத்துக்கு வாரேன். போன தை மாசம் எங்க ஊரு வாசகர் வட்டத்துல எனக்கு ஒரு பாராட்டு விழா வச்சாங்க. ‘மடல் மாமணி’ன்னு பட்டம், சால்வை, கேடயம் எல்லாம் உண்டு. ஏற்புரை இருபத்தஞ்சு நிமிசம் பேசுனேன். யாரையும் விடல. தபால்காரரு, தபால்தலை விக்கிற அம்மா, மில்லுல எனக்கு வெள்ளைப் பேப்பர் கொடுத்த ஸ்டோர்கீப்பரு, எல்லாருக்கும் நன்றி சொன்னேன். ஒருத்தரு எந்திரிச்சு, ‘ஐயா, இவ்வளவும் நீங்களே கைப்பட எழுதுவீங்களா’ன்னு கேட்டாரு. ‘வீட்டுல ஒரு டைப்ரைட்டர் இருக்கு, அப்பப்போ எண்ணெய் போட்டா போதும், நல்லா ஓடும்’னு சொன்னேன். மண்டபமே சிரிச்சுது. உலகு மூணாவது வரிசைல இருந்தா. அவளும் சிரிச்சிருப்பா, நான் கவனிக்கல.

வீட்டுக்கு வந்ததும் சால்வையைக் கொடுத்து, ‘அந்துருண்டை போட்டு மடிச்சு வை’ன்னு சொன்னேன். இதுல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க. மறுநாள் காலைல காப்பி போட்டுக் கொடுத்துட்டு, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. ‘எங்க’ன்னு கேட்டேன். ‘டைப்ரைட்டர் ரிப்பேருக்குப் போகுது’ன்னா. ஒரு சால்வையை மடிக்கச் சொன்னதுக்கு இப்படி ஒரு கோவம் வருமா சார்? முப்பத்தோரு வருசத்துல நான் பாத்ததில்ல.

நாலு நாள் கழிச்சு போன் பண்ணேன். நான் பேசுனேன், அவ கேட்டா. நான் கொஞ்சம் சத்தமாப் பேசுற ஆளு, அது சண்டை மாதிரி இருக்கும், ஆனா சண்டை கிடையாது. கடைசில அவ சொன்னா. ‘நீங்க பேசுனா கத்துவீங்க. எனக்கு ஒரு கடிதம் எழுதுங்க. ஊருக்கெல்லாம் எழுதியாச்சு, எனக்கு ஒண்ணு எழுதுங்க. நீங்களே எழுதுங்க. படிச்சுப் பாத்துட்டு, வாரதா வேண்டாமான்னு சொல்லுதேன்.’

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. எறநூத்துப் பன்னிரண்டு எழுதுனவனுக்கு எறநூத்துப் பதிமூணு என்ன பெரிய விஷயமா? பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சேன். அடுப்படி, வாசல். அடுப்படி, வாசல். கால்தான் வலிச்சுது. எழுத ஆளில்லைல்லா. உக்காந்து பாத்தேன். உக்காந்தா எனக்குத் தூக்கம் வருது.

அப்போதான் ஜெராக்ஸ் கடை எமில்டா சொல்லுச்சு. எங்க தெரு முக்குல கடை வச்சிருக்கிற பொண்ணு, ரெண்டு பிள்ளைக்குத் தாய், கெட்டிக்காரி. ‘அங்கிள், போன்ல ஏஐ இருக்கு, சொன்னா எழுதிக் கொடுத்துரும்’னு போட்டுக் கொடுத்துச்சு. ‘என் மனைவி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, வரச்சொல்லி ஒரு கடிதம் எழுது’ன்னேன். தூன்னு சொல்லுறதுக்குள்ள எழுதிட்டு. என்ன எழுதுச்சு தெரியுமா? ‘என் இதயத்தின் இளவரசியே, வாழ்க்கை என்னும் அழகிய பயணத்தில் உன் புன்னகையே என் வெளிச்சம்.’ கல்யாண மண்டப வாசல்ல தெர்மாகோல்ல ஒட்டி வைப்பாங்கல்லா, அது மாதிரி. இதை அனுப்புனா உலகு, எனக்குப் புத்தி பேதலிச்சுட்டுன்னு டாக்டரோட வந்து நிப்பா. இளவரசியாம்! அவளுக்கு முட்டி வலி சார்.

எமில்டா சொல்லுச்சு, ‘அதுக்கு உங்க நடை தெரியாதுல்லா அங்கிள். நீங்க எழுதுனதைக் கொடுத்தா, உங்கள மாதிரியே எழுதும்’னு. அப்படி வா வழிக்கு. ஃபைல்ல இருந்து அறுபது கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். எல்லாத்துக்கும் கையெழுத்துப் பிரதி பத்திரமா இருக்கு, உலகுதான் தேதி போட்டுக் கோத்து வச்சிருப்பா. எமில்டா ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி உள்ள ஏத்துச்சு. ‘முதல்ல என் நடை எப்படின்னு சொல்லு, அப்புறம் எழுது’ன்னு ஏஐகிட்ட கேட்டேன். புரிஞ்சுக்கிட்டானா இல்லையான்னு பாக்கணும்லா.

அது சொன்னதை நான் லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன் சார், மனப்பாடமாவே தெரியும். ‘உங்கள் நடை அமைதியானது. கோபம் உள்ளே இருக்கிறது, வெளியே காட்டுவதில்லை. எதிரில் இருப்பவர் மரியாதையோடு பின்வாங்க ஒரு வழி விட்டுவைக்கிறது. தன்னைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நீண்ட காலம் பிறர் பேச்சைக் கவனித்துக் கேட்ட ஒருவரின் நடை இது.’

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. ஒரு மிஷினு, என்னைப் பாத்ததே இல்ல, என்னை இப்படிப் புரிஞ்சு வச்சிருக்கு. எமில்டாகிட்டப் படிச்சுக் காட்டுனேன். அது ஒரு மாதிரி என்னையே பாத்துச்சு. ‘அமைதியானதா?’ன்னு ஒரு தடவை கேட்டுச்சு. நான் சத்தம் போட்டதும் வேலையைப் பாக்கப் போயிட்டு.

அப்புறம் கடிதம் எழுதுச்சு பாருங்க. ‘பொருள்: வீடு திரும்புதல் குறித்து. நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. சமையல் எனக்குப் பழகிவிட்டது. சாப்பிடுவதுதான் இன்னும் பழகவில்லை. இதில் உன் பக்கம் தவறு எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. உனக்குச் சௌகரியப்படும் நாளில் ஆவன செய்யவும்.’ என்ன சொல்லுதீங்க? நானே எழுதுன மாதிரி இல்ல? ஒரு எழுத்து மாத்தல. அப்படியே பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டேன். மறுநாளே வந்துருவான்னு நினைச்சு வீட்டை எல்லாம் கூட்டிப் பெருக்கி வச்சேன்.

போன்தான் வந்துது. ‘கடிதம் கிடைச்சுது’ன்னா. ‘எப்படி?’ன்னேன். ‘நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் எழுதுறது. எனக்கு நானே எழுதிக்கிடுறதுக்கு நீங்க எதுக்கு? உங்க கடிதத்தை அனுப்புங்க’ன்னு வச்சுட்டா.

ஆணவம் சார்! கையெழுத்து மட்டும்தான் அவளுது. அதை வச்சுக்கிட்டு முழுக் கடிதத்தையும் உரிமை கொண்டாடுதா. நான் ஒத்துக்கிடுதேன், அவளுக்குச் சூட்டிகை உண்டு. ஆனா சரக்கு யாருது?

இதுக்கு மேல ஒண்ணு நடந்துது கேளுங்க. அடுத்த வாரம் பேப்பரைப் பிரிக்கேன், ஆசிரியருக்குக் கடிதம் பகுதில முதல் கடிதம் ‘ஆ. உலகம்மாள்’னு போட்டிருக்கு. மச்சினன் ஊருல மினி பஸ் நிப்பாட்டாமப் போறதைப் பத்தி. ‘எங்கள் நிறுத்தத்தில் மினி பஸ் நிற்பதில்லை என்று நான் குறை சொல்லமாட்டேன். அது மெதுவாகத்தான் போகிறது. ஓடிப்போய் ஏறிக்கொள்ளும் வயதைத்தான் நாங்கள் தாண்டிவிட்டோம்.’ எனக்குப் பகீர்னு ஆயிட்டு. என் நடையை அப்படியே காப்பி அடிச்சிருக்கா! கூடவே இருந்து பாத்துப் பாத்து எடுத்துக்கிட்டா. பத்திரிகைக்குப் புகார் அனுப்பிருவோம்னு உக்காந்தேன். ‘ஆசிரியர் அவர்களுக்கு’ வரைக்கும் எழுதுனேன். அதுக்குள்ள கரண்டு போயிட்டு. இப்போ அந்த மினி பஸ் ஊருக்குள்ள நிக்குதாம். எனக்கு அது சௌகரியம்தான், அது வேற விஷயம்.

மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ‘உன் ஏஐ சரியில்ல, இது நான் இல்லைங்கா அவ’ன்னேன். எமில்டா மெதுவாக் கேட்டுச்சு, ‘அங்கிள், ஆன்ட்டி கை படாம, நீங்களா எழுதுனது ஏதாவது இருக்கா?’ இது என்ன கேள்வி? வீடு பூராவும் எழுத்துத்தான். போயித் தேடுனேன். காலண்டர் தாளுக்குப் பின்னாடி ‘இன்னைக்குப் பால் வேண்டாம்’னு ஒண்ணு கிடைச்சுது. கேஸ் புக்குல ஒரு கையெழுத்து. வேற இருக்கும், எங்க வச்சேன்னு தெரியல. சாமானெல்லாம் எங்க இருக்குன்னு அவளுக்குத்தானே தெரியும்.

எமில்டாவே ஒரு வழி சொல்லுச்சு. எங்க தெரு வாட்ஸப் குரூப்ல நான் வாய்ஸ் மெசேஜ் போடுவேன். தினம் மூணு நாலு. நூத்தி நாப்பது கிடந்துது. அதை அப்படியே கொடுத்துட்டு, ‘இதுதான் நான், என் நடை என்னன்னு சொல்லு’ன்னேன்.

சொல்லுச்சு. இதுக்கு லேமினேஷன் கிடையாது. ‘உங்கள் பேச்சு ஒரு விஷயத்தில் தொடங்கி நான்கு விஷயங்களுக்குப் போகிறது. எதிரில் இருப்பவர் பதில் சொல்ல இடம் விடுவதில்லை. உங்கள் தவறை யாராவது சுட்டினால், உடனே இன்னொருவரின் தவறைச் சொல்கிறீர்கள். நடுவில் எப்போதாவது மனதில் உள்ளது வெளியே வந்துவிடுகிறது. வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.’ நீங்களே சொல்லுங்க, இவ்வளவு நேரமாப் பேசிக்கிட்டு இருக்கோம், நான் அப்படியா பேசுதேன்? ஏய் கண்டக்டரு, இந்த டிரைவரு எதுக்கு இப்படி சடன் பிரேக் போடுதாரு, வயசான ஆளுங்க இருக்கோம்லா!

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். அந்த நடையில ஒரு கடிதம் எழுதுச்சு. கண்றாவி. ‘ஏ உலகு, கேட்டியா, கேஸ்காரன் சிலிண்டரை வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டான், அவனுக்கு என்ன கொழுப்பு. மோட்டார் சுவிட்சு எங்க இருக்குன்னு தெரியாம ரெண்டு நாள் குளிக்கல. கோடி வீட்டுக்காரன் உன்னை எங்கன்னு கேக்கான், அவன் சோலியைப் பாக்க வேண்டியதுதானே. உன் தட்டையும் சேத்து ரெண்டு தட்டு எடுத்து வச்சுட்டேன் நேத்து, ஞாபகமில்லாம. சால்வை கிடந்த இடத்துலயே கிடக்கு. அந்த மண்டபத்துல ஃபேன் ஓடுச்சா பாத்தியா, அதுக்கு ஒரு கடிதம் போடணும்.’

இதுக்குப் பேரு கடிதமா? ஒரு பொருள் உண்டா, ஒரு முடிவு உண்டா? இந்த ஏஐ எவ்வளவு மட்டம்னு அவளுக்குத் தெரியட்டும்னு, அப்படியே வாட்ஸப்ல அனுப்பி வச்சேன். அரை மணி நேரத்துல போன். ‘இதை நீங்களா எழுதுனீங்க?’ன்னா. ‘நான் எழுதுவனா? அந்தக் கழுதை எழுதுச்சு’ன்னேன். சிரிச்சா சார். ஏழு வாரம் கழிச்சு அவ சிரிக்கிற சத்தத்தைக் கேட்டேன். நிறுத்தவே இல்ல. மச்சினன் வந்து என்னன்னு கேக்குறது போன்லயே கேக்குது. அப்புறம் மூக்கை உறிஞ்சுனா. ‘ரெண்டு தட்டு எடுத்து வச்சது நிசமா?’ன்னா. ‘மோட்டார் சுவிட்சு எங்க இருக்கு’ன்னு கேட்டேன். நிசம்தான். குரூப்ல என்னைக்கோ வாய்ஸ்ல புலம்பியிருக்கேன் போல, அது எப்படியோ உள்ள போயிட்டு.

‘ஞாயித்துக்கிழமை வாங்க’ன்னா. ‘எனக்கு எதிர்ல உக்காந்து, உங்க கையால ஒரு பக்கம் எழுதுங்க. போனு வேண்டாம், ஏஐ வேண்டாம். நான் ஒரு எழுத்துத் திருத்த மாட்டேன். தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்ல. எழுதிட்டீங்கன்னா சாயங்காலம் உங்க கூட வாரேன். இல்லைன்னா நீங்க மட்டும் பஸ் ஏறிக்கிடுங்க’ன்னா. இன்னைக்குத்தான் ஞாயித்துக்கிழமை.

பயமா? எனக்கா? கலெக்டருக்கு எழுதுனவன் சார் நான்.

இல்ல, கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. காலைல கிளம்பும்போது ஒரு தாள்ல எழுதிப் பாத்தேன். இந்தா பாருங்க, ‘அன்புள்ள உலகம்மாளுக்கு’ன்னு இருக்கா? அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. ‘பொருள்’னு போட்டுட்டு அடிச்சிருக்கேன். அவளுக்கு எதுக்குப் பொருளு?

என்னத்தச் சொல்ல. முப்பத்தோரு வருசமா நான் வாயைத் திறந்தா எதிர்ல அவ பேனாவோட இருப்பா சார். நான் என்ன உளறினாலும், எழுதி முடிச்சு அவ நீட்டும்போது நான் பெரிய மனுசனா இருப்பேன். இப்போ வீட்டுல பேசுதேன், பேசுதேன், யாரும் எழுதிக்கிடல. என் சத்தம் எனக்கே கேக்குது. அது நல்லா இல்ல சார். அன்னைக்கு மேடைல அவ பேரைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலைன்னு தெரியல. சொல்லியிருக்கலாம்.

என்ன, அதையே எழுதவா? இப்போ சொன்னதையா? சும்மா இருங்க சார். இது பஸ்ல பேசுற பேச்சு. எழுத்துன்னா ஒரு தரம் வேண்டாமா? அவ படிக்கப் போறா சார், அவ சாதாரண ஆளு கிடையாது, ஒரு வரி தொங்குனா கண்டுபிடிச்சிருவா.

நிசமாத்தான் சொல்லுதீங்களா? அது போதுங்கீங்களா?

பாவூர்சத்திரம் தாண்டிட்டோமா? அப்போ அரை மணி நேரம் கிடக்கு. நான் கடைசில என்ன சொன்னேன் சார், பேனான்னு ஏதோ சொன்னேனே? எனக்குச் சொன்ன உடனே மறந்துரும். உங்களுக்கு ஞாபகம் இருக்குல்லா? இருக்கும், நீங்க கவனமாக் கேட்டுக்கிட்டு வந்தீங்க, நானும் பாத்தேன். ஒண்ணு செய்யுங்க. இந்தத் தாளை வாங்கிக்கிடுங்க, பேனா என்கிட்ட இருக்கு. நான் மறுபடியும் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. அங்க போயி அவ எதிர்ல உக்காந்து, அதைப் பாத்து என் கையால எழுதிருதேன். எங்கயாவது சரியா வரலைன்னா, நீங்களே கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக்கிடுங்க.